விசில் கேட்டதாகச் சொன்ன எமில்

கனடாவின் டார்ட்மவுத்தில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை முப்பத்தொரு வருடம் லாரியில் கொண்டுபோய் நிரப்பியவர் எமில் சுரெட். அந்தத் தொழிலுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். வெளிச்சுவரில் இருக்கும் குழாயில் எண்ணெயைச் செலுத்தினால், அடித்தளத்துத் தொட்டி நிரம்பும்வரை பக்கத்துக் காற்றுக்குழாயில் விசில் கேட்கும். கேட்காவிட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான்.

எமிலுக்கு மூன்று வருடமாகக் காது கேட்கவில்லை. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. எதிரே நின்று பேசுபவர்களின் உதட்டைப் பார்த்தும், காற்றுக்குழாயில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தும் காலத்தை ஓட்டினார். கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

ஜனவரியில் ஒரு காலை, வெர்னா ஹில்ட்ஸ் என்ற வயதான பெண்மணியின் வீட்டில் கைக்கு அதிர்வே தெரியவில்லை. குளிரில் கை மரத்துவிட்டது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு அறுநூறு லிட்டரையும் இறக்கினார். மதியத்துக்குள் அந்தச் சாயமேற்றிய எண்ணெய் அடித்தளத்துச் சாக்கடை வழியே போய் நகரத்து ஓடையில் சிவப்பாக மிதந்தது.

நகராட்சி ஆட்கள் பனிக்கட்டியை உடைத்து, எண்ணெய் உறிஞ்சும் திண்டுகளை ஓடைக்குக் குறுக்கே கட்டினார்கள். எமிலும் இறங்கி இழுத்தார். எண்ணெயில் ஊறிய இரண்டு வாத்துகள் கரையில் கிடந்தன. அந்தப் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

விசாரிக்க வந்த நகராட்சி அதிகாரி கெயில் எதிரே நின்று, விசில் கேட்டதா என்றாள். கேட்டது என்றால் பழைய தொட்டி உடைந்ததாக ஆகும், பழி வெர்னா தலையில் விழும். அது தெரிந்தேதான் சொன்னார்.

"கேட்டுச்சு."

கெயில் எழுதுவதை நிறுத்தினாள். "விசில் தொட்டியில இருக்கிற சாமான், எமில். அந்தம்மா அக்டோபர்லயே கரண்ட் ஹீட்டருக்கு மாறிட்டாங்க. தொட்டியக் கழட்டிக் கொண்டுபோயாச்சு. வெளிக்குழாய் மட்டும்தான் மிச்சம். உங்க கம்பெனிதான் பட்டியல்லருந்து அவங்க பேர எடுக்கல."

இந்த ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் குழாயை விட்டுவைத்திருக்கிறார்கள்.

வெர்னா கரைக்கு வந்தார். "ஜன்னலத் தொறந்துவச்சு கத்தினேனேப்பா, தொட்டி இல்ல, தொட்டி இல்லன்னு. நீ சிரிச்சுக்கிட்டே கையாட்டின."

ஆட்டியது உண்மை. நலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார்.

"எனக்குக் காது கேக்காதும்மா," என்றார் எமில். மனைவியிடம்கூடச் சொல்லாதது.

எண்ணெய் நாற்றத்தில் இனி குடியிருக்க முடியாத வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் வெர்னா பதில் சொன்னார். அது திட்டா, மன்னிப்பா என்று எமிலுக்குத் தெரியாது. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.