புறக்கடைக்கு வந்த விரியன்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள ஒருங்கிணைப்பாளராகப் பல வருடம் இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஏதாவது டிப்ஸ் கேட்கிறார்கள். இதைச் சொல்கிறேன்.

1. வரைபடம்

எங்கள் டைரக்டர் சென்னை ஏ.சி. அறையில் கண்டுபிடித்த திட்டம் இது: சுண்ணாம்புக்குளம் பக்கம் ஓர் ஏரியோரக் குடியிருப்பில், வீட்டுக்கு வீடு புறக்கடையில் காட்டுயிர் வாழிடம். பூச்செடி, பறவைக்குத் தண்ணீர்த் தொட்டி, சின்ன உயிர்கள் ஒண்டிக்கொள்ளக் கட்டையும் தழையும் போட்ட குவியல். வரைபடத்தில் புல்வெளிகூட இருந்தது. உப்பு மணலுக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

கூட்டத்தில் கஸ்தூரி எழுந்தார். ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர்.

"குருவிக்குத் தண்ணி வெக்கச் சொல்றீங்க சார். எங்களுக்கே லாரி வந்தாத்தான் தண்ணி."

"அது வேற டிபார்ட்மென்ட்மா" என்றார் டைரக்டர்.

குருவியின் தாகம் மட்டும் எங்கள் டிபார்ட்மென்ட். தெளிவான நிர்வாகம்.

குவியல் போட்டால் பாம்பு வரும் என்று பெண்கள் சொன்னார்கள். நானும் டைரக்டரிடம் சொன்னேன். கம்யூனிட்டியின் மைண்ட்செட்டை மாற்றவேண்டும் என்றார். குவியல்களைப் போட்டோம், பெயர்ப்பலகையோடு.

2. வெற்றி

மழைக்காலத்தில் திட்டம் பலித்தது. விடியும் நேரம், ஏரிக்குக் கிளம்பிய கஸ்தூரி, இறால் போடும் ஓலைப் பறியை எடுக்கக் கொல்லையில் குனிந்தார். குவியலிலிருந்த கண்ணாடி விரியன் கையில் கடித்துவிட்டது.

பிராஜெக்ட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் கணவர் கடிபட்ட கையை அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பயத்தில் பேசிக்கொண்டே வந்தேன். உயிர் தப்பிவிட்டது. விரல்கள் தப்புமா என்பது சில நாள் தெரியவில்லை. அவருக்கு வலையும் தோணியும் அந்த விரல்கள்தான்.

டைரக்டர் அக்கறையாக போன் செய்தார்.

"கடிச்சது எந்த ஸ்பீஷீஸ்? போட்டோ எடுத்தீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

வீடு திரும்பிய கஸ்தூரியைப் பார்க்கப் போனபோது திட்டுவார் என்று நினைத்தேன். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"பாம்பு மேல இன்னா தப்பு, அக்கா? வூடு கட்டிக் குடுத்தீங்க, குடிவந்துச்சு. அத்த ஏன் எங்க வூட்டாண்ட கட்டினீங்க?"

அன்றைக்கே, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஊர்க்காரர்களும் நானும் நீளக் கொம்பால் தள்ளித் தள்ளி எல்லாக் குவியலையும் கலைத்தோம். ஆள் நடமாட்டமில்லாத உகாமரப் புதர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டோம். அந்த இடத்தைக் காட்டியவர்கள் ஊர்க்காரர்களே. எனக்கு மெமோ வந்தது. கஸ்தூரிக்கு விரல்கள் மடங்கத் தொடங்கின. மறுபடி ஏரியில் இறங்கினார்.

பிறகு புதர்ப் பக்கம் கீரியும் பட்டாம்பூச்சியும் வந்தன. டைரக்டரும் விருந்தாளிகளோடு வந்தார். ஆரம்பத்திலிருந்தே இது இரண்டாம் கட்டமாகத் திட்டமிட்டதுதான் என்று அவர்களிடம் விளக்கினார். மெமோவும் அந்தத் திட்டத்தில் அடக்கம் போலிருக்கிறது.

நான் கற்றது சின்ன விஷயம். எங்கே வாழிடம் அமைத்தாலும், என்னென்ன உயிர் வரும் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மண்ணில் இருட்டோடு வெறுங்காலில் நடப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்.