கை படாத கார் வாஷ்

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் புகழேந்திக்குக் கோபம் வந்துவிடும். இத்தனைக்கும் அவன் சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை. குடிப்பழக்கம் கிடையாது. கோயிலுக்குக்கூட வீட்டில் பிடுங்கி எடுத்தால்தான் போவான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டுவான். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. 2008, சித்திரா பௌர்ணமி. திருவண்ணாமலை, திண்டிவனம் ரோட்டில் இருந்த ஒரு பெட்ரோல் பங்க். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பங்க் முதலாளி கோதண்டராமன் அதற்கு முந்தின வருஷம்தான் கார் கழுவுகிற மெஷினை வாங்கிப் போட்டிருந்தார். வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு: ‘கை படாத கார் வாஷ்’. பிரஷ் கிடையாது, துணி கிடையாது. வண்டி உள்ளே வந்தால் வாசலில் இருக்கிற சென்சார் கண் பார்த்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியும். பெரிய இரும்பு வளைவு ஒன்று தண்டவாளத்தில் நகர்ந்துபோய் வண்டியின் நீளத்தை அளக்கும். அப்புறம் நுரை, அப்புறம் வேகத் தண்ணீர், கடைசியில் காற்று. எல்லாம் முடிந்தால் பச்சை விளக்கு. முதல் ஒரு மாதம் கார் இல்லாதவர்கள்கூட வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மெஷினைப் பராமரிக்கிற வேலை புகழேந்திக்கு. அடி அண்ணாமலைக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன். தண்ணீர் பீய்ச்சுகிற நாசில்களில் அடைப்பு எடுப்பான், தொட்டியில் சேறு அள்ளுவான், சென்சார் கண்ணைத் துடைத்துவைப்பான். அந்தக் கண்ணில் ஒரு சிலந்தி வலை கட்டினால் போதும், வண்டி வந்துவிட்டது என்று மெஷின் ஏமாந்துவிடும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில், கூட்டம் சேருமுன், ஒரு வெள்ளை வேன் வரும். ஓட்டுகிறவர் தருமன். கீழ்பென்னாத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் ஏற்றிப்போகிற வேன் அது. சுடுகாட்டில் இறக்கிய பிறகு கழுவாமல் வண்டியை ஊருக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் ஊரில் எந்த வாட்டர் சர்வீஸ்காரனும் அதில் கை வைக்க மாட்டான். தருமன் போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"கை படாமத்தானே தம்பி கழுவுது? அப்ப யாருக்கும் தீட்டு இல்ல பாரு."

புகழேந்திக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நாலைந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் காலையில் நகைக்கடைக்காரர் ஒருவர் கண்ணில் அந்த வேன் பட்டுவிட்டது. அவ்வளவுதான். கோதண்டராமன் காதுக்குப் போனது.

"பொணம் ஏத்துன வண்டி நின்ன எடத்துல என் வண்டிய நிறுத்தணுமான்னு கேக்கறாங்க. இனிமே அது உள்ள வந்தா, நீ வெளிய போயிடு."

அடுத்த முறை வேன் வந்தபோது புகழேந்தி வாசலிலேயே மறித்தான். சங்கதியைச் சொன்னான். தருமன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீதுப்பா. பச்சக் கொழந்த வூட்ல இருக்குது. கழுவாம போனா தெருவுல கூட நிறுத்த வுடமாட்டா என் வூட்டுக்காரி. இன்னைக்கு ஒரு வாட்டி மட்டும்..."

"முடியாதுண்ணா."

"சரிப்பா."

வேனைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை ஜாஸ்தியாகப் பேசவில்லை அந்த மனுஷன். நாலு வசவு வைதிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். சித்திரை வெயில். ஏரியெல்லாம் காய்ந்து கிடந்தது. தெருக்குழாயில் அந்த வண்டிக்கு யார் தண்ணீர் பிடிக்க விடுவார்கள்? கழுவாத வேனைக் கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடியில் போட்டுவிட்டு தருமன் அதிலேயே படுத்துக்கொள்கிறார், வீட்டுப் பக்கமே போவதில்லை என்று டீசல் போட வந்த யாரோ சொன்னார்கள். புகழேந்தி போன் போட்டுப் பார்த்தான். ஸ்விட்ச் ஆஃப். பேரக்குழந்தையைப் பார்க்க முடியாமல் அந்த மனுஷன் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக ஊர் எல்லையிலேயே போலீஸ் தடுப்பு போட்டு பஸ், கார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். பங்க் தடுப்புக்கு உள்ளே, ஊர்ப் பக்கம். ஒரு வண்டி வர வழியில்லை. மெஷினைப் பிரித்து மேய்வதற்கு அதுதான் தோதான நாள்.

மாலை ஐந்தரை. கல்லாவில் சரோஜா அக்கா மட்டும். ரோட்டில் ஜனங்கள் சாரி சாரியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். புகழேந்தி மெயினை ஆஃப் செய்தான். போதாததற்கு ஃபியூஸ் கட்டையையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உள்ளே வேலை செய்யும்போது எவனாவது சுவிட்சைத் தட்டிவிட்டால் என்ன ஆவது? ஸ்டூல் மேல் ஏறி, ஊசியால் நாசில்களைக் குத்த ஆரம்பித்தான்.

ஐந்து ஐம்பது இருக்கும்.

டிக்.

திரும்பிப் பார்த்தான். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். ஃபியூஸ் கட்டை பையில்தான் இருந்தது. இறங்கிப் போய்ச் சென்சார் கண்ணைத் துடைத்தான். வலை இல்லை, தூசி இல்லை. திரும்பவும் துடைத்தான். விளக்கு அணையவில்லை.

கிர்ர்ர்... வளைவு நகர்ந்தது.

ஒரே தாவலில் மோட்டார் அறை வாசலுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வளைவு மெதுவாக அளந்துகொண்டே போனது. கார் என்றால் நிற்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிற்கவில்லை. அதையும் தாண்டிப் போய் நின்றது. அந்த நீளத்துக்கு அங்கே வருகிற வண்டி ஒன்றே ஒன்றுதான்.

நுரை பீய்ச்சியது. நுரை தரையில் விழவில்லை.

அப்படியே நின்றது... அந்தரத்தில். மேலே கூரை. பக்கத்தில் கதவு. பின்னால் படி.

ஊதுபத்தி வாசம் வந்தது. கூடவே பினாயில் வாசம். வாடின ரோஜா மாலை வாசம்.

"தருமண்ணா..." என்றான்.

தண்ணீர் திறந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் மோதித் தெறித்தது. அவன் முகத்தில் அடித்தது. சில்லென்று...

நுரை கரைந்தது.

உள்ளே வெறும் காற்று.

காற்றும் அடித்து முடிந்தது. பச்சை.

ஈரச் சக்கரத் தடம் இரண்டு, காய்ந்த சிமெண்டுத் தரையில் மெதுவாக முன்னால் போயின. எஞ்சின் சத்தம் இல்லை. தடம் ரோட்டைத் தொட்டதும், நடந்துகொண்டிருந்த ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒரு வேன் போகிற அகலத்துக்கு.

அப்புறம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து நடந்தார்கள்.

"இன்னாப்பா புகழு, பில்லு போடாம யாருக்குக் கழுவுன?" சரோஜா அக்கா வந்து நின்றாள்.

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"சத்தம்தான் கேட்டுச்சு. ஏன், வண்டி எதுவும் வர்லயா?"

புகழேந்தி பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், சொட்டிக்கொண்டிருந்த வளைவைப் பார்த்தாள். நேராகப் போய்க் கல்லாவைப் பூட்டினாள்.

அன்று இரவு அவன் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. தருமன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டான். அந்த ஒரு தடவை கழுவி அனுப்பியிருக்கலாமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனான். விசாரித்து விசாரித்து ஏரிக்கு நடந்தான்.

புளியமரத்தடியில் தருமன் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

புகழேந்திக்கு அழுகையே வந்துவிட்டது. உயிரோடு, முழு ஆளாக, எதிரில் நிற்கிறாரே மனுஷன்.

"வாப்பா. நீயே வந்துட்டியா? நேத்து நீதானே வந்து கழுவிட்டுப் போன?"

வேன் பளபளவென்று நின்றிருந்தது.

"நானா?"

"சாயந்தரம் கொழந்தய தூரத்துல இருந்தாச்சும் பாக்கலாம்னு தெரு வரைக்கும் நடந்து போனேன். திரும்பி வந்து பாத்தா இப்டி நிக்குது. சாவி என்கிட்டதான் இருக்குது. செத்த முன்னாடி என் வூட்டுக்காரி வந்து பாத்துட்டு, சுத்தமாத்தானே இருக்குது, வூட்டுக்கு எடுத்தாங்கன்னுட்டா. இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு."

புகழேந்தி குனிந்து பார்த்தான். சக்கரங்களைச் சுற்றிப் பல நாள் புளிய இலை உதிர்ந்து மூடியிருந்தது. ஓர் இலைகூட நசுங்கவில்லை. மண் புழுதியாகக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த அடையாளம் இல்லை.

இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. தொழில்காரன் கண். அவனுடைய மெஷின் கழுவும், துடைக்காது. காய்ந்த பிறகு வண்டி முழுக்க அம்மை போட்டதுபோல நீர்ப்புள்ளி நிற்கும். இந்த வேனில் ஒரு புள்ளி இல்லை. கண்ணாடியில் வட்டம் வட்டமாக லேசான கோடுகள். யாரோ கையால் துடைத்திருக்கிறார்கள்.

மெதுவாக அந்தப் பக்கம் சுற்றிப் போனான்.

பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் துணி. நன்றாகப் பிழிந்து, காயப் போட்டிருந்தது. எடுத்தான். இன்னும் ஈரம். மூலையில் ஆஸ்பத்திரியின் கறுப்பு முத்திரை.

"அண்ணா... கடைசியா யார ஏத்துனீங்க?"

"நீ முடியாதுன்னு சொன்னியே, அன்னைக்குத்தாம்பா கடைசி. பரசுராமன்னு ஒருத்தன். பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கெல்லாம் கண்ணாடி தொடச்சிவுட்டுக் காசு வாங்குவான். கேக்க நாதி இல்ல. நாந்தான் கூட நின்னு பொதைச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் அவன் கையில் இருந்ததைப் பார்த்தார். வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

"இது ஏதுப்பா உன் கைல? இந்தத் துணிய அவன் மேல போத்தித்தான மண்ணு தள்ளுனோம்..."