நகராட்சிக்குப் போன என் சீர்க்குடம்

போடியில் பழைய நகராட்சிக் கட்டிடத்தைக் காலி செய்கிறார்கள். தடித்த சுவர், மர உத்தரம், முன்னால் தூண் வைத்த போர்டிகோ. யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான்: என் சீர்க்குடம் அங்கேதான் தொலைந்தது.

நான் மலைக்காரி. அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து, கூலியில் மிச்சம் பிடித்து வாங்கித் தந்த பித்தளைக் குடம் அது. கழுத்தில் தன் பெயரை வெட்டச் சொல்லியிருந்தாள். நான் கல்யாணமாகி இறங்கி வந்த கோடையிலேயே எங்கள் தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோனது. பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு நகராட்சிக்குக் கிளம்பினார்கள்.

"ஏத்தா, உன் குடத்தக் கொண்டா. பித்தளதான் தட்டுனா கணீர்னு கேக்கும்" என்றார் அத்தை, என் மாமியார்.

கேட்டதே! போர்டிகோவில் உட்கார்ந்து நான் தட்டிய தட்டில் உள்ளே ஒருவரும் பேனா பிடித்திருக்க முடியாது. அந்த நேரம் பார்த்து ஒருத்தி ஓடிவந்தாள்: "அடியே, நம்ம தெருவுக்கு லாரி வந்துருச்சு!" அவ்வளவுதான். போராட்டமாவது ஒன்றாவது! கைக்குச் சிக்கிய குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தெருவுக்கு வந்து பார்த்தால் என் இடுப்பில் யாருடையதோ பச்சை பிளாஸ்டிக் குடம். திரும்பி ஓடினேன். போர்டிகோ காலி. உள்ளே போய்க் கேட்கப் பயம், அவ்வளவு சத்தம் போட்டவளே நான்தானே!

அழுதேன். அம்மா கேட்டால் என்ன சொல்வேன்? அத்தைக்கு என்னைவிடப் பயம். "சீரத் தொலச்ச மாமியான்னு மலை பூரா பேசுவாகளே!"

அம்மா ஜீப்பில் வந்து இறங்கினால் எங்கள் நாடகம் ஆரம்பித்துவிடும். "ஒடுக்கு எடுக்கக் குடுத்திருக்கு மதினி" என்பார் அத்தை. "ஆமாம்மா, நாளைக்கு வந்துரும்" என்பேன் நான். மூத்தவன் பிறந்த சமயம் கேட்டபோது, எங்கள் இருவர் வாயிலும் அது பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு இரவல் போயிருந்தது. அதன் பிறகு அம்மா கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம்.

போன வாரம் கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அதே போர்டிகோவில் பீரோ, நாற்காலி, நடுவில் என் குடம்! தட்டு போட்டு மூடி, மேலே டம்ளர்.

"அய்யோ, எங்க அம்மா பேரு!" என்று கத்தியே விட்டேன்.

லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர் சிரித்தார். "வெளிய கெடந்துச்சுன்னு அந்தக் காலத்துலயே எடுத்து வச்சாகளாம்க்கா. யாரும் கேட்டு வரல. பொறப்புச் சர்டிபிகேட்டு ரூம்ல இதுலதான் குடிதண்ணி. வெரசா எடுத்துட்டுப் போங்க."

தண்ணீர் இல்லை என்று நான் தட்டிய குடத்தில்தான் ஊரே தண்ணீர் குடித்திருக்கிறது! பிள்ளைக்குச் சர்டிபிகேட் வாங்கப் போன என் வீட்டுக்காரரும் அதில் குடித்தவர்தான். அவருக்குக் குடம் தெரியுமா, குத்துவிளக்கு தெரியுமா!

புளி போட்டு விளக்கி, தண்ணீர் நிரப்பி நடுவீட்டில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். "பாத்தீகளா மதினி, உங்க குடம்" என்று அத்தை மிடுக்காக ஆரம்பித்தார்.

அம்மா ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். "ஆபீஸ்ல இன்னும் குளுகுளுன்னு இருந்துச்சு" என்றாள்.

மூத்தவனுக்குச் சர்டிபிகேட் வாங்க மருமகனோடு போனவள் அம்மாதான். அன்றைக்கே அங்கே குடத்தைப் பார்த்துவிட்டாளாம்.

"ஏம்மா, தெரிஞ்சுக்கிட்டேதான் வந்து குடம் எங்கன்னு கேட்டியா?"

"பெறகு? டவுன்ல குடுத்த பிள்ள, மாமியாகூட எப்படி இருக்கோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் ஜீப்பு ஏறுவேன். அன்னைக்கு ரெண்டு பேரும் வாய் கூசாம ஒரே பொய்யச் சொன்னீக பாரு. நிம்மதியா மலையேறுனேன்."