ஐந்தா, ஆறா

பிரெஞ்சு வகுப்பில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததற்குத் தமிழ்தான் காரணம். 2009 கடைசியில், கல்யாணமான கையோடு மதுரையிலிருந்து பாரிஸின் லா ஷப்பேல் பகுதிக்கு வந்திருந்தேன். கணவர் மென்பொருள் வேலைக்குக் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கிய எனக்கு இங்கே ரொட்டிக் கடையில் வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. அதனால் வட்டாரச் சங்கம் ஒன்று நடத்திய இலவச வகுப்பில் சேர்ந்தேன்.

அக்கா என்று நான் கூப்பிட்ட அவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பல வயது மூத்தவர். ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை. பிரெஞ்சு மடமடவென்று பேசுவார், இலக்கணம்தான் இருக்காது. எனக்கு இலக்கணம் இருந்தது, பேச்சு வராது. வகுப்பு முடிந்ததும் கடை திறக்கும் நேரம்வரை ரூ பெர்தொனேயில் டீ குடிப்போம்.

போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டீக்கடையில் ஆண்கள் தணிந்த குரலில் போனில் யாரையாவது விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். அதைப் பற்றி அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் கேட்காமலே இருந்துவிட்டேன். அவரும் சொல்லவில்லை. நாங்கள் பேசியது லண்டன் கொலைகாரனைப் பற்றி.

விக்டோரியா ராணி காலத்தில் லண்டனின் ஏழைத் தெருக்களில் பெண்களைக் கொன்று, கடைசிவரை யாரென்றே தெரியாமல் போனானே, அவன். அவனைப் பற்றித் தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படத்தை இருவருமே பார்த்திருந்தோம். கல்லூரியில் குற்றக் கதைகளாகத் தேடித் தேடிப் படித்தவள் நான். நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து வந்தேன். அக்கா ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அகராதியும் கையுமாகப் படித்தார்.

அவன் கொன்றது எத்தனை பேரை என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. ஐந்து பெண்கள் என்பதுதான் பெரும்பாலானவர்கள் கருத்து. சிலர், அந்த ஐந்தில் முதல் கொலைக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு குடியிருப்பின் படிக்கட்டில் கத்திக்குத்துப் பட்டுக் கிடந்த பெண்ணையும் சேர்த்து ஆறு என்பார்கள். அவள் அன்றிரவு ஒரு சிப்பாயோடு போனதாக அவளுடைய தோழி சொன்னாள். விடிவதற்கு முன் படியேறிய ஒருவர், யாரோ தூங்குகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்.

நான் ஐந்து என்றேன். அக்கா ஆறு என்றார்.

“மத்தவங்களுக்கெல்லாம் கழுத்துல வெட்டு. இவளுக்கு அப்படி இல்லையே அக்கா, பேட்டர்னே வேற. ஒரு சோல்ஜரோட போயிருக்கா, ஏதோ சண்டையாகி அவன் குத்திட்டான். அது தனி கேஸ்.”

“ஆமிக்காரன் எண்டால் கணக்கில இல்லையோ?”

“அதுக்கில்லக்கா...”

“சரி விடும். ரோல்ஸ் ஆறுது, சாப்பிடும்.”

அந்தக் கேள்வி என் காதில் விழாமல் இல்லை. அடுத்த தடவை இதற்கு எப்படிப் பதில் சொல்லி மடக்கலாம் என்றுதான் யோசித்தேன்.

வசந்தத்தில் ஆசிரியை எங்களை இரண்டிரண்டு பேராக விவாதம் நடத்தச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் பெண்மணி அவர். எந்தத் தலைப்பு வேண்டுமானாலும் எடுக்கலாம். “எங்களிட்டத் தலைப்பு இருக்குத்தானே,” என்று அக்காதான் சொன்னார். அவருக்கு அதில் அவ்வளவு உற்சாகம். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். வந்ததிலிருந்து எனக்கு எதிலாவது ஜெயிக்க வேண்டும்போல இருந்தது.

அன்று அக்கா முதலில் பேசினார். படிக்கட்டைச் சொன்னார், சிப்பாயைச் சொன்னார். “படியேறியவர் அவளைத் தாண்டிப் போனார். போலீஸ்காரர்கள் கொஞ்சம் தேடிவிட்டுத் தாண்டிப் போனார்கள். இப்போது புத்தகம் எழுதுகிறவர்களும் தாண்டிப் போகிறார்கள்” என்று முடித்தார். வினைச்சொற்களெல்லாம் காலம் மாறிக் கிடந்தன. ஆசிரியை இடையிடையே திருத்தினார். அக்கா திருத்தியதைத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

நான் எழுந்தேன். ஒரு வேடிக்கையோடு ஆரம்பிக்க வேண்டும் என்று முன்பே தயார் செய்திருந்தேன். “என் தோழி சேலைக் கடையில் வேலை செய்கிறார். ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்துப் பழகியவர். இங்கேயும் ஒரு பிணத்தை இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்.”

வகுப்பே சிரித்தது. பிரெஞ்சில் நான் ஒருவரைச் சிரிக்க வைத்தது அதுவே முதல் தடவை. அந்தச் சிரிப்பில் எனக்கு இறக்கை முளைத்தது. ஒரு சிப்பாயின் கோபத்தில் செத்தவளையெல்லாம் கணக்கில் சேர்த்தால் கணக்குக்கே அர்த்தம் இல்லை என்றேன். கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் ஐந்துக்குத்தான் உயர்ந்தன. அக்கா எனக்காகக் கை தட்டினார்.

டீக்கடையில் உட்கார்ந்ததும், “நல்லாக் கதைச்சீர்,” என்றார். கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“என்ர அண்ணையின்ர மனிசியை ஆமி றோட்டில மறிச்சு, விசாரிக்க எண்டு கூட்டிக்கொண்டு போனது. கலியாணம் முடிச்சு ஒரு வருசம் இருக்கும். பிறகு பத்தைக்குள்ள இருந்துதான் பிரேதமா எடுத்தனாங்கள்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஆர் செய்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவ அந்தப் பக்கம் ஏன் போனவ எண்டுதான் எங்களைக் கேட்டவங்கள். நீர் அந்தப் புத்தகத்தில பாத்திருப்பீர், லண்டனில ஆமிக்காரரை வரிசையா நிப்பாட்டி, அவளின்ர சிநேகிதியைக் கூப்பிட்டு, ஆர் எண்டு காட்டச் சொன்னவங்கள். அவளால சரியாக் காட்ட ஏலாமப் போட்டுது. எண்டாலும் நிப்பாட்டினவங்கள்தானே? அதை வாசிக்க எனக்குப் பொறாமையா இருந்தது, தங்கச்சி.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அழுதாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். “சாரிக்கா, எனக்குத் தெரியாது,” என்றேன். “உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று எழுந்து போனார்.

அடுத்த வகுப்புக்கு நான் போகவில்லை. தலைவலி. அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ. பிறகு வேலை தேடுகிறேன் என்று நின்றேவிட்டேன். ரூ காய் வழியாகப் போனால் அவர் கடையைத் தாண்ட வேண்டும் என்பதால் காய்கறிக்கு வேறு பக்கம் சுற்றிப் போனேன். என் கணவர் ஒருநாள், “அந்த சேலைக்கடை அக்கா உன்னைக் கேட்டாங்க, உடம்பு சரியில்லையான்னு,” என்றார். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. காயப்பட்டவர் என்னைத் தேடுகிறார், காயப்படுத்தியவள் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். அவர் தனியாக நின்று, வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆறுதான்க்கா.”

“ஏன், புதுசா ஏதும் வாசிச்சனீரோ?”

“இல்ல.”

“பிறகென்ன ஆறு? எனக்காகச் சொல்ல வேண்டாம். உமக்கு அஞ்சு எண்டு பட்டால் அஞ்சு எண்டே சொல்லும்.” சேலையை என் கையிலிருந்து வாங்கி அடுக்கினார். “அவவை வைச்சுச் சிரிக்காதையும். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு மறுபடியும் டீக்கடையில் உட்கார ஆரம்பித்தோம். லண்டன் கொலைகாரனைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் அதற்கு மேலும் புத்தகங்கள் படித்தேன், அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் கொன்றது வேறொருவன் என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே அக்காவுக்குச் செய்யும் துரோகம் மாதிரியும் இருக்கிறது. இதை எத்தனையோ தடவை எனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து அக்கா குடும்பம் பாரிஸுக்கு வெளியே சார்செல்லில் வீடு வாங்கியது. பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார். கணவருக்கு வேலை, நான் மட்டும் போனேன். அடுக்கு மாடிகளுக்கு நடுவே வழி தெரியாமல் நின்ற என்னைக் கூட்டிப்போக ஒருவர் கீழே வந்தார். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு. மேலே போனதும் அக்கா, “இதுதான் என்ர அண்ணை,” என்றார். அவரிடம், “இவதான் என்னோட பிரெஞ்சு படிச்ச பிள்ளை. நல்ல கெட்டிக்காரி,” என்றார்.

“ஓம், தங்கச்சி சொல்லுறவ. வகுப்பில எல்லாரையும் சிரிக்க வைப்பீங்களாம்,” என்றார் அவர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பானை பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பிவிட்டார். எதைப் பற்றிச் சிரித்தோம் என்பதை அண்ணையிடம் அவர் சொல்லவே இல்லை.

அண்ணை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சமையலறையில் யாரோ பேசிக்கொண்டார்கள். சாப்பிடும்போது என் இலையில் அவரே வடை வைத்தார், போதும் என்ற பிறகும் இன்னொன்று வைத்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கிளம்பும்போது என் கணவருக்கென்று ஒரு டப்பாவில் சோறும் கறியும் கட்டிக் கொடுத்தார். ரயில் நிலையம்வரை கூடவே நடந்து வந்து, பாரிஸ் போகும் பக்கத்தைக் காட்டினார்.

“கவனமாப் போங்கோ. போனதும் தங்கச்சிக்கு ஒரு போன் எடுங்கோ.”

ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடி வழியாகச் சூடு கையில் பட்டது. எதிரில் இருந்த பிரெஞ்சுக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.