பிஸ்கட் கடித்த அன்று

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த நாய்க்கு ஐந்து வயது. குட்டி விற்கும் பண்ணை ஒன்றில், கம்பிக் கூட்டுக்குள்ளேயே இருந்து குட்டி போட்டதுதான் அதுவரை அதன் வாழ்க்கை. குட்டிகள் கண் திறந்து கொஞ்ச நாளில் விலைபோய்விடுமாம். பண்ணையை மூடி நாய்களை மீட்டவர்கள் தந்த தாளில் அதற்குப் பெயர்கூட இல்லை, ஒரு இலக்கம்தான். நான் பிஸ்கட் என்று பெயர் வைத்தேன். கூப்பிட்டால் வராது, சாப்பாடு காட்டினாலும் வராது. சித்தியின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சித்தி அம்மாவின் தங்கை. மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து இரண்டு வருடமாக எங்களுடன் இருந்தார்.

நாய் வேண்டும் என்று நான் ஒரு வருடம் அழுது அடம்பிடித்ததில்தான் அப்பா இறங்கி வந்தார். டவுன்டவுனில் சமையலறை வேலை பார்த்த அவருக்குப் பிரெஞ்சு ஓடாது. கையெழுத்துப் போடும் முன் தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வரியை மட்டும் இரண்டு தரம் வாசிக்க வைத்தார்.

"ஒருக்கா கடிச்சாலும் அடுத்த நாளே கொண்டுபோய் விட்டிடுவன், சொல்லிப்போட்டன்" என்றார். அப்பா சொன்னால் செய்கிறவர்.

இருபத்தாறாம் நாள் அது கடித்தது.

பிழை என்னுடையதுதான். ஆள் இல்லாத நேரம் பார்த்து பிஸ்கட் வெளியே வந்து, மெத்தென்று இருக்கிற எதையும் தூக்கிக்கொண்டு போய்விடும். காலுறை, கையுறை என்று கட்டிலுக்கு அடியில் ஒரு குவியலே இருந்தது. அன்று என் கம்பளித் தொப்பி போயிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கலுக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் கையை உள்ளே விட்டுத் தொப்பியை இழுத்தேன். அது உறுமக்கூட இல்லை. வலது சுட்டுவிரலில் பல் இறங்கியது.

நான் கத்தவில்லை. கத்தினால் நாய் போய்விடும். விரலை மடக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்த நேரம் சித்தி உள்ளே வந்தார். என் இடது கையில் தொப்பியைக் கண்டுவிட்டார்.

"குடுத்திடு பிள்ளை. அது தன்ரை குட்டியெண்டு நினைச்சு வைச்சிருக்குது."

தொப்பியைப் போய்க் குட்டி என்று நினைக்கிற நாய் என்ன நாய் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கட்டிலுக்கு அடியில் அதை எறிந்துவிட்டு ஓடிவிட்டேன்.

அம்மாவுக்கு புவாண்ட்-கிளேரில் பின்னேர வேலை. மேசையில் அப்பா, சித்தி, நான் மூன்று பேர்தான். சிவக்கச் சிவக்க மீன் குழம்பு. சோற்றில் விரலை வைத்ததும் உச்சி வரை எரிந்தது. கரண்டி கேட்டால் அப்பா ஏன் என்று கேட்பார். இடது கையால் சாப்பிட்டால் அடிதான். பிசைவதுபோல் பாவனை செய்துகொண்டே இருந்தேன். கண்ணீர் தன் பாட்டில் வழிந்தது. நாளைக்கு பிஸ்கட் மறுபடி ஏதோ ஒரு கூட்டுக்குள் இருக்கப் போகிறது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்ன, அழுறாய்? கையைக் காட்டு பாப்பம்."

"விடுங்கோ அத்தான், பிள்ளைக்குக் காலமை தொடக்கம் மேல் காயுது, காய்ச்சல்போலை. நான் தீத்திவிடுறன்" என்று சித்தி எனக்கு ஊட்டிவிட என் சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். என் விரலை அவர் கண்டுவிட்டார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துப் பூசைக்குப் போகிற சித்தி பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"ஒன்பது வயசிலை தீத்துறதோ, நல்லாயிருக்குது" என்று அப்பா தன் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். பிறகு சித்தி சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவிவிட்டார். மிச்ச நாலு நாளும் கழிந்தன. பிஸ்கட் எங்களுடன் ஒன்பது வருடம் இருந்தது.

சித்திக்கு மன்னாரில் ஒரு மகன் இருப்பது எனக்குத் தெரியும். ஒன்றரை வயதில் அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, அவனை இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்களுக்குக் காத்திருந்தார். வீட்டில் எல்லோரும் கதைக்கிற விஷயம்தான். தெரிந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று மேசையில் அவர் முள் பார்த்து எடுத்து, சோற்றைக் குழையப் பிசைந்து, ஊதி ஊதித் தந்த ஒவ்வொரு பிடியும் நெல்லிக்காய் அளவுகூட இல்லை. எனக்கோ நல்ல பசி.

"பெரிசாத் தாங்கோ சித்தி, நான் என்ன குழந்தையோ?" என்றேன்.

சித்தி தன் விரல்களில் இருந்த சோற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிதாக உருட்டத் தொடங்கினார்.