அம்சவேணி சொன்னதைக் கேட்காதவன்

செவிலிமேட்டில் அம்சவேணியின் ஷெட்டுக்கு முத்துக்குமார் தன் பழைய ரேஸ் காரைக் கொண்டுவந்தபோது, வாசல் மேட்டிலேயே அது வயிறு உரசி நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளித்தான் உள்ளே வந்தது. அதற்கும் அவன் வெட்கப்படவில்லை. பட்டுக்கடை முதலாளி மகன். வீடியோ பார்த்தே ரேஸ் கற்றவன்.

"முன்னாடி இருக்கறதுலயே டைட்டான ஸ்பிரிங் போட்டிருக்கேன். ஆனா ஸ்டியரிங்கை எவ்ளோ ஒடிச்சாலும் வளைவுல நேரா போய்க்கினே இருக்குது. டயர்தான் சரியில்ல," என்றான்.

அம்சவேணிக்கு நாற்பத்திரண்டு வயது. ரேஸ் குழு ஒன்றில் ஆறு வருடம் மெக்கானிக்காக இருந்தவள். அந்தப் பெரிய மனிதர்கள் அவளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, ஒரு நாளும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பேனரை அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டு வந்து, ஷேர் ஆட்டோ ரிப்பேரில் இறங்கிவிட்டாள்.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். அளவுக்கு மீறி இறக்கியதில் ஸ்பிரிங் அசைய இடமில்லாமல் கார் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"வண்டியை இழுக்கறதும் முன்சக்கரம், திருப்பறதும் முன்சக்கரம். அது தலையிலயே நீ கல்லை ஏத்தி வச்சிருக்கபா. அப்பால டயரைத் திட்டற."

"வெளிநாட்டுல இப்படித்தான் போடறாங்க."

"அவங்க ஓட்டிப் பாத்துப் போடறாங்க."

மூன்று நாள் வேலை. காரை இரண்டு விரற்கடை உயர்த்தினாள். முன்னால் கொஞ்சம் இளகிய ஸ்பிரிங், பின்னால் இறுக்கமானது. முன்சக்கரங்களின் தலையைச் சற்று உள்ளே சாய்த்தாள்.

"வளைவுல பின்சக்கரம் ஒண்ணு தூக்கும், பயப்படாத. பாதி வளைவுல மட்டும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடாத. பின்பக்கம் சுத்திக்கினு வந்துடும்."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டிராக்கில் அது பயிற்சி நாள். இரண்டாவது வளைவில் பின்சக்கரம் எழுந்தது. நம் வீரர் முத்துக்குமார் பயந்து காலை எடுத்தார். கார் இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது.

"பொம்பள கையில குடுத்தது என் தப்பு!" என்று எல்லார் எதிரிலும் கத்தினான்.

கூட வந்திருந்த அம்சவேணி அவன் ஹெல்மெட்டை வாங்கி மாட்டினாள். அவளை அறிந்த டிராக் பொறுப்பாளர் சரி என்றார். அதே வளைவில், நாய் காலைத் தூக்குவது போலப் பின்சக்கரம் தூக்கியது. கார் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பியது. அவனுடைய நேரத்தைவிட நாலு நொடி குறைவு. ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுநாள் அந்த நேரத்தைத் தன்னுடையது என்று முத்துக்குமார் போனில் போட்டுக்கொண்டான். நானூறு பேர் பாராட்டினார்கள். அவர்களும் அவன் தரம்தான்.

டிராக்கில் எல்லாவற்றையும் பார்த்திருந்த யாழினி என்ற கல்லூரி ஆசிரியை, அடுத்த வாரம் தன் பழைய காரோடு செவிலிமேட்டுக்கு வந்தாள்.

"என் வண்டிக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க அக்கா? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அம்சவேணி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினாள்.