வெறுங்குழாயில் ஊறிய சிவப்பு

பிறர் குருதியில் இரும்பை அளப்பது அம்மிணியின் வேலை. மாட்டுங்காவில் ஒரு சிறு மருத்துவமனையின் ஆய்வகத்தில் 1964 முதல் அதைச் செய்துவந்தாள். குருதியில் இரும்பு தனியே திரிவதில்லை. அதைச் சுமக்க ஒரு புரதம் உண்டு. அப்புரதம் ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கைகள். இரும்புக் குறைவால் சோகை கண்டவர்களிடம் அவை பெரும்பாலும் காலியாகவே ஓடும். இருக்கையிலிருந்து இரும்பை இறக்கி, நிறம் காட்டும் மருந்தைச் சேர்த்தால் கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தோன்றும். சிவப்பு எவ்வளவோ, இரும்பும் அவ்வளவு.

1966ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தாராவியிலிருந்து மாடத்தி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி; முகம் வெளிறிக் கிடந்தது. அவளுடைய குழாயோ நன்றாகவே சிவந்தது.

"இரும்பு வேண்டிய மட்டும் இருக்கே," என்றாள் அம்மிணி.

மாடத்தி தன் கணவன் இசக்கிமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டியளா? என் ஒடம்பே இரும்பாம்! இனி எந்தக் காத்துக்கருப்பு கிட்ட வரும்? தலமாட்டுல வச்சிருக்க அருவாள மொதல்ல எடுத்துப் பரண்ல போடுங்க."

"போட்டுருதேன் தாயி. இரும்புப் பொம்பளகிட்ட எதுத்துப் பேச முடியுமா?"

அறிக்கையைக் கண்ட மருத்துவர் அவளுக்குப் போடவிருந்த இரும்பு ஊசியை நிறுத்திவிட்டார்.

பத்து நாள் கழித்து, அந்த வெளிறிய முகம் மனத்தை உறுத்தவே, மாடத்தி வந்த நாளில் கழுவியவற்றில் மீந்திருந்த ஒரு குழாயில் காய்ச்சி வடித்த வெறும் நீரை ஊற்றி மருந்தைச் சேர்த்தாள் அம்மிணி. குருதி ஒரு துளியும் இல்லாத நீர், மெல்லச் சிவந்தது. மாடத்தி வந்த நாளில் வடிநீர் தீர்ந்துபோகவே, கண்ணாடிக் குழாய்களைத் துருப்பிடித்த குழாய்த் தண்ணீரில் கடைசியாக அலசியவள் அவள்தான்.

தாராவிக்கு ஓடினாள். மூன்று நாளுக்கு முன்பே, குறைப்பிரசவத்தில் குருதி கொட்டி மாடத்தி இறந்திருந்தாள். வாசலில் இசக்கிமுத்து அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான்.

"நாந்தாம்மா இரும்ப எடுத்தேன். அவ வெளையாட்டாச் சொன்னா. நா எடுத்துட்டேன்."

பேசாமல் திரும்பிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

"நீங்க எடுக்கலை," என்றாள் அம்மிணி. "அவ ஒடம்புல இரும்பே இல்லை. இருக்குன்னு தப்பாச் சொன்னது நான்."

அவன் எழுந்து உள்ளே சென்று, வெறும் பாயின் தலைமாட்டில் அரிவாளைத் திரும்ப வைத்தான்.

ஓய்வு பெறும்வரை, தினமும் முதலில் ஒரு வெறுங்குழாயைச் சோதித்த பிறகே அம்மிணி பிறர் குருதியைத் தொட்டாள். நீர் நீராகவே நிற்கும். ஆனாலும் அவள் கீழே வைக்கமாட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி, அடியில் எங்கேனும் சிவப்பு ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.